மத்தளம் செதுக்கிய கல்

நவம்பர் 2, ஞாயிறு

விடியும்போதே தூறல். ஓசூரில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போக முடியவில்லை. இன்று கல்லறைத் திருநாள். அரளித்தொட்டி போக வேண்டும்.

எடுத்துக்கொண்டவை: கேமரா, குடை, சர்க்கரை மாத்திரை, இரண்டு பேனா. சரோஜா கதவைத் திறந்துவிட்டபடி: "உயிரோட இருக்குற உங்க அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டா நேரமில்லம்பீங்க. செத்தவங்களப் பாக்க ஆறு மணிக்கே கெளம்பறீங்க."

கெலமங்கலம் தாண்டி, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ஊர். கோயில் திருவிழா மலருக்குப் பழைய பதிவேட்டைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார் பங்குத்தந்தை இன்னாசி. எங்கள் பேப்பருக்கும் ஞாயிறு பக்கத்துக்கு அதையே கொடுக்கலாம். ஊர்ப் பெயரையும் ஆள் பெயர்களையும் இந்தக் குறிப்பில்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். தொழில் பழக்கம்.

காலைப் பூசையில் ஓலை வாசித்தார் ஃபாதர். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த காகிதம், பெயர் மட்டும் இன்னும் ஓலை. காலஞ்சென்ற அருளப்பன் மகள் ஜெயமேரிக்கும் ஜவளகிரி பிரகாசப்பா மகன் அந்தோணிக்கும். முதலாம் ஓலை. கல்யாணம் 26, புதன். 30ஆம் தேதியிலிருந்து திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் முடியும்வரை இங்கே தாலி கட்டமாட்டார்கள்.

இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து பழகியவர்கள். பெண்ணுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வளர்த்தது பெரியப்பா சவுரியப்பன். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. இவர் வீட்டுப்பேர் 'மத்தளத்தார்'. கொடியேற்றத்தன்று மத்தளத்தில் முதல் அடி அந்த வீட்டுக்குத்தான். அதைச் சொல்லாமல் அவரால் இரண்டு நிமிஷம் பேச முடியாது.

மாலை நாலு மணிக்குக் கல்லறை மந்திரிப்பு. சம்பந்தி என்ற முறையில் ஜவளகிரிக்காரர்களும் வந்திருந்தார்கள். சாமந்தி, மெழுகுவத்தி, சாம்பிராணி. நடுவில் ஒரு பழைய கல்: மேலே சிலுவை, அதற்குக் கீழே மத்தளம் செதுக்கியிருக்கிறது. சிலுவையும் மத்தளமும் ஒரே உளியின் வேலை. நின்று பார்த்தேன். சவுரியப்பன் வத்தி ஏற்றி முடித்தார். மாப்பிள்ளையின் அப்பா பிரகாசப்பா ஒரு கட்டு வத்தியோடு வந்து அதே கல்லின் முன்னால் குந்தினார்.

"பாவா, இது எங்க கல்லு," என்றார் சிரித்துக்கொண்டே. இந்தப் பக்கம் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, மச்சானை எல்லோரும் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எது?"

"இந்த மத்தளக் கல்லு. எங்கப்பா சாவறப்ப சொன்னாரு. அரளித்தொட்டிக்கு எப்பனா போனா மத்தளம் செதுக்கின கல்லுக்கு ஒரு வத்தி வைடா, அதான் நம்ம மூலம்னு. பாத்தீங்களா, பொண்ணு ஊரும் கல்லும் ஒண்ணாப் போச்சு."

சவுரியப்பன் முகம் போன போக்கு. "எங்க சவரிமுத்து கல்லுய்யா இது."

"ஹௌது, ஆமா. எங்க தாத்தனோட தாத்தன் பேரும் சவரிமுத்துதான்."

பின்னால் நின்ற ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, தாயாதிங்க."

மெழுகு ஒழுகிச் சவுரியப்பன் விரலில் விழுந்தது. உதறவில்லை. "இனிமே என்னை பாவான்னு கூப்பிடாத. அண்ணான்னு கூப்பிடு," என்றார்.

ஒரே வீடு என்றால் பங்காளி. பங்காளிப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. ஜெயமேரி அங்கேயே, அம்மா கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.


நவம்பர் 3, திங்கள்

மழை இல்லை. ஸ்கூட்டர் பின் டயர் மாற்ற வேண்டும்.

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று எழுதிப் பார்த்தேன்:
– காட்டை ஒட்டிய ஜவளகிரிப் பக்கம் மூன்று தலைமுறையாக வீட்டில் கன்னடம். வீட்டுப்பேர் கேட்பாரில்லை. அங்கே அவர்கள் 'கிறிஸ்தவர் வீடு', அவ்வளவுதான்.
– பையனும் பெண்ணும் தாங்களே பேசிக்கொண்டது. தரகர் வந்திருந்தால் முதல் கேள்வியே வீட்டுப்பேர்.
– சாமியார் கேட்டது ஞானஸ்நானச் சீட்டு மட்டும்.

சவுரியப்பனைப் போனில் பிடித்தேன். பின்னால் மண்டிச் சத்தம். "சவரிமுத்துக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க சார். ராயப்பன், மத்தேயு. நாங்க மத்தேயு வழி. ராயப்பன் வழி காட்டுப் பக்கம் போயிட்டாங்கன்னு கேள்வி. எங்க தாத்தா கூடப் பொறந்த தெரேசாவக்கூட அந்தப் பக்கம்தான் எங்கியோ கட்டிக்குடுத்தாங்களாம். போனவங்க போனவங்கதான். இப்பத்தான் வர்றானுங்க, பொண்ணு கேட்டு."

எழுதிக்கொண்டேன். சவரிமுத்து – ராயப்பன், மத்தேயு. தெரேசா.


நவம்பர் 5, புதன்

குளிர். பங்கு இல்லத்தில் நாள் முழுக்க. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தேன். தோல் அட்டை, ஒரு மூலை கரையான்.

எழுதியவர் கம்பளி சாமி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து வந்தவர். ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஆடு மேய்க்கும் குறும்பர்களிடம் வாங்கிய கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டே திரிவாராம். வந்தவர் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே கையெழுத்து, கடைசியில் நடுக்கம். ராகிக் களி பழகிவிட்டது, மிளகாய் பழகவில்லை என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

ஃபாதருக்கு லத்தீன் தெரியும், "செமினரியில அடிச்சுச் சொல்லிக்குடுத்தது" என்கிறார். வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதினேன். ஆரம்பத்தில் ஒரு குறிப்பு: கோயிலுக்குள் மத்தளம் கூடாது என்று நிறுத்திவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, அதே பக்கத்தின் அடியில்: மத்தளம் உள்ளே வந்துவிட்டது. தோற்றது நான். நன்றாக அடிக்கிறார்கள்.

இப்படி எழுதும் அதிகாரி ஒருவரையும் நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

கல்யாணப் பக்கங்கள்தான் அதிசயம். ஸ்கேல் வைத்து அவரே இரண்டு குறுகிய கட்டம் போட்டிருக்கிறார். முதல் கட்டத்தில் திருச்சபைச் சட்டப்படி எத்தனையாவது தலைமுறை உறவு என்று எண். இரண்டாவதில் தமிழில்: முறை உண்டு, அல்லது முறை இல்லை. ரோமுக்குத் தெரிந்த சட்டத்தில் மாமன் மகளும் பெரியப்பா மகளும் ஒன்றுதான். இந்த ஊருக்கு ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டியவள், இன்னொருத்தி தங்கை. அந்த வித்தியாசத்துக்கு எந்த மேலிடமும் அவரிடம் கட்டம் கேட்கவில்லை. கேட்டு, கற்று, தானே போட்டிருக்கிறார். 'முறை இல்லை' என்ற ஒரு கல்யாணத்தில் சட்டப்படி தடையே கிடையாது, தூரத்து உறவு. ஆனாலும் செய்து வைக்கவில்லை. பக்கத்தில் லத்தீனில்: என் சட்டம் தடுக்கவில்லை. இவர்கள் சட்டம் தடுக்கிறது. நான் இவர்கள் பக்கம்.

குறையும் எழுத வேண்டும். சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பெயர்கூட அதில் விடுபடவில்லை. கல்லறையில் நடுவே ஒரு காலத்தில் சுவர் இருந்ததாம். அதை எடுத்தது அவர் இல்லை, வெகு பின்னால் வந்தவர்கள். ஃபாதரிடம் கேட்டேன். "அதுலயும் ஊர் பக்கம்தான் நின்னுட்டாரு," என்றார். சிரிக்கவில்லை.

கிளம்பும்போது ஃபாதர்: "ஜெயமேரி விஷயத்துல சபைச் சட்டப்படி எனக்கு எந்தத் தடையும் இல்லீங்க. ஆனா கம்பளி சாமி உயிரோட இருந்தா அவரே நிறுத்தியிருப்பாரு. அதான் பயமா இருக்கு."


நவம்பர் 7, வெள்ளி

ஜெயமேரி போன் செய்து வரச் சொன்னாள். ஏ ஷிப்ட் முடிந்து, ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எதிர் டீக்கடை. கழுத்தில் அடையாள அட்டை கழற்றவில்லை. கம்பெனியில் சிறு சிறு பாகங்களை லென்ஸ் வழியே பார்த்துப் பொருத்தும் வேலை. கண் சிவந்திருந்தது. வேலையாலா, வேறு காரணமா, கேட்கவில்லை.

"சார், கோர்ட்ல கட்டிக்கலாம்னு அந்தோணி சொல்றான். லைன்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. என்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கிறேன்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"எங்கப்பா செத்தப்ப எனக்கு அஞ்சு வயசு. பெரியப்பாதான் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில கொண்டு விட்டாரு. தக்காளிப் பொட்டி மேல உக்காந்து போவேன். அவரு கையப் புடிச்சிக்கினுதான் நான் கோயிலுக்குள்ள வரணும். இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் சார். அந்தோணியும் வேணும். ரெண்டும் வேணும்."

டீ ஆறிப்போயிற்று. இன்னொன்று சொன்னேன். அதையும் குடிக்கவில்லை.

"பெரியப்பா பேசறதில்ல. சோறு போட்டா சாப்புடறாரு. நேத்து அந்தோணி போன் பண்ணான், அவரே எடுத்துட்டாரு. 'தங்கச்சி வேலைக்குப் போயிருக்கு, தம்பி'ன்னு சொல்லி வெச்சிட்டாரு." சொல்லும்போதே சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதாள். "அந்த நோட்டுல எங்க வீட்டுப் பக்கம் இருந்தாப் பாருங்க சார்."


நவம்பர் 9, ஞாயிறு

வெயில். இரண்டாம் ஓலை.

ஃபாதர் வாசித்து முடித்ததும் சவுரியப்பன் எழுந்தார். மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்டது.

"தடை இருக்குங்க சாமி. பங்காளி முறை."

"பூசை முடிஞ்சு பேசுவோம்."

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டீங்க, சொல்லிட்டேன்."

பெண்கள் பக்கத்தில் ஒரே முணுமுணுப்பு. தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தமிழில் ஒருவர்: பாவம் அந்தப் பொண்ணு. ஜெயமேரி நற்கருணை வாங்கக்கூட எழவில்லை.

பூசை முடிந்து, கோயிலின் பின்பக்கம் செருப்பு தேடிப் போனபோது பார்த்தேன். சவுரியப்பன் சுவரில் நெற்றியை வைத்து நின்றார். தோள் குலுங்கியது. பார்க்காததுபோல் வந்துவிட்டேன். மண்டிக்காரர், மீசைக்காரர், பிடிவாதக்காரர் என்று போன வாரம் மனதுக்குள் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட வேண்டும்.


நவம்பர் 11, செவ்வாய்

சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் சாலையைக் கடந்தது. நாற்பது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்ற கம்பெனி பஸ்ஸில் ஒருத்தன்: "அதுங்களுக்குப் பஞ்சிங் கெடையாதுடா, நமக்குத்தான் அரை நாள் போவும்." ராகி முற்றுகிற மாதம். இனி தினமும் வரும்.

ஃபாதரும் நானும் சவரிமுத்து வீட்டுப் பக்கத்தை எடுத்தோம். சவரிமுத்து, மனைவி அன்னம்மாள். மகன் ராயப்பன். மகன் மத்தேயு. இந்த இரண்டாம் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் லத்தீன், ஆறு வரி. ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். வாசித்தவர் நிறுத்தி, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

வந்து சொன்னதை அப்படியே:

இந்தப் பிள்ளை தாது வருஷப் பஞ்சத்தில் ராயக்கோட்டைச் சாலையில் கிடைத்தது. தாய் பக்கத்தில் இறந்து கிடந்தாள். யார், எந்த ஊர், எந்தக் குலம், தெரியாது. அன்னம்மாளுக்குப் பிள்ளை இறந்து மூன்று நாள். அவளிடம் கொடுத்தேன். இவன் இவர்கள் மகன். கல்யாணத் தேவை வந்தாலன்றி இதை யாரும் வாய்விட்டு வாசிக்க வேண்டாம்.

சாதிக் கட்டத்தைப் பார்த்தேன். மத்தேயுவுக்கு நேரே, தமிழில், சவரிமுத்துவின் சாதி. கை நடுங்காமல் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் தமிழில் பொய், அதன் அடியில் லத்தீனில் உண்மை. இரண்டுமே அந்தப் பிள்ளைக்காக. ஒரு பெயரையும் விடாமல் சாதி எழுதிய கை அது. எல்லாரையும் கட்டத்துக்குள் அடைத்தவர், கட்டமே இல்லாத ஒருவனைத் தூக்கி உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

ரத்தம் இல்லை என்றால் பங்காளி இல்லை. கல்யாணத்துக்குத் தடை இல்லை. ஆனால் மத்தேயு வழி என்றால் சவுரியப்பன். மத்தளத்தார், முதல் அடி, எல்லாம் யாருடையது? காட்டுப் பக்கம் போன ராயப்பன் வழிதான் அந்த வீட்டு ரத்தம். எழுந்து நின்று தடை சொன்னவர்தான் கிடைத்த பிள்ளையின் கொள்ளுப் பேரன்.

ஃபாதர்: "இப்ப என்னங்க பண்றது?" எனக்குத் தெரியவில்லை. முதலில் ஜெயமேரியைக் கேட்க வேண்டும் என்றேன். மத்தேயு அவளுக்கு எள்ளுத் தாத்தா.


நவம்பர் 12, புதன்

கேன்டீன் நேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஃபாதர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். பின்னால் தட்டுச் சத்தம்.

"யாரு பெத்ததுன்னு தெரியாதா? அதனால என்ன சார். எங்க லைன்ல பாதிப் பேரு எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. ஒடிசாப் பொண்ணு ஒண்ணு, நாலு மாசம் ஆச்சு, பேட்ஜ் நம்பரத்தான் தெரியும். அவதான் எனக்குச் சோத்துல பாதி குடுக்கறா." கொஞ்சம் நிறுத்தி: "பெரியப்பாகிட்டத் தனியாச் சொல்லுங்க. மைக்ல வேணாம். கல்யாணம் நின்னாலும் பரவால்ல, மைக்ல மட்டும் வேணாம்."

ஞாயிறு பக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன். தலைப்பு மட்டுமாவது அனுப்பச் சொல்கிறார்கள். என்னிடம் இருந்த தலைப்பு: 'லத்தீனில் ஒளிந்த ரகசியம்'. நல்ல தலைப்பு. அனுப்பவில்லை.


நவம்பர் 13, வியாழன்

மழை. பங்கு இல்லம், காலை பதினொன்று. ஃபாதர், சவுரியப்பன், நான். என்னை இருக்கச் சொன்னது சவுரியப்பன்தான். "பத்திரிகைக்காரரு இருக்கட்டும். அப்புறம் யாரும் மாத்திச் சொல்லக் கூடாது."

ஃபாதர் வாசித்தார். ஒரு தடவை லத்தீன், ஒரு தடவை தமிழ். சவுரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மீசையைத் தொடவில்லை. ஓட்டில் மழைச் சத்தம். பிறகு ஒரே கேள்வி.

"அன்னம்மா பால் குடுத்தாளா?"

ஃபாதர் பார்த்தார். "குடுத்திருப்பாங்க. அதுக்குத்தானே அவங்ககிட்ட..."

"குடுத்திருப்பாங்களா, குடுத்தாங்களா? நோட்டப் பாத்துச் சொல்லுங்க."

பக்கத்தின் ஓரத்தில் நாங்கள் கவனிக்காத ஒரு வரி இருந்தது. பால் குடித்தது, பிழைத்தது.

"அப்ப பங்காளிதான்," என்றார் சவுரியப்பன். எழுந்தார். "ஒரே மார்ல குடிச்ச ராயப்பனும் மத்தேயுவும் அண்ணன் தம்பி இல்லாம வேற யாரு சாமி? ரத்தம் இல்லன்னு சொல்லி எங்க அன்னம்மாள நீங்க தள்ளி வெப்பீங்களா?"

கல்யாணத்தை விடுவிக்கும் என்று நாங்கள் எடுத்துப் போனதை வைத்தே இறுக்கிக் கட்டிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாற்பது வருஷம் இந்த ஊரைக் கற்ற கம்பளி சாமியும் இந்த வாதத்துக்குத் தலையாட்டியிருப்பார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, யாரிடமும் இல்லாமல்: "அப்ப மத்தளம் அவனுதா?"

குடையை மறந்துவிட்டுப் போனார்.


நவம்பர் 14, வெள்ளி

சளி. வீட்டிலேயே. சரோஜா மிளகு ரசம் வைத்தாள். "அந்தப் பொண்ணு கல்யாணம் என்னாச்சு?" என்று நாலு முறை. நான் ரசத்தை ஊதி ஊதிக் குடித்தேன். "சொல்ல வேணாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

கட்டுரையை முடிக்கலாம் என்று போட்டோக்களைக் கணினியில் போட்டு வரிசைப்படுத்தினேன். நோட்டைத் திருப்பியபோது 3ஆம் தேதி எழுதியது கண்ணில் பட்டது. தெரேசா. சவுரியப்பனின் தாத்தா கூடப் பிறந்தவள், அதாவது மத்தேயுவின் மகள். காட்டுப் பக்கம் எங்கேயோ கட்டிக் கொடுத்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முதல் வருஷ நிருபன் செய்யும் பிழை.

கல்யாணப் பக்கங்களைப் பின்னாலிருந்து பார்த்தேன். மதியம் சாப்பிடவில்லை. மூன்றரைக்குக் கிடைத்தது.

தெரேசா, மத்தேயு மகள். மணமகன் யாகப்பன், ராயப்பன் மகன்.

திரும்ப வாசித்தேன். ராயப்பன் மகனுக்கு மத்தேயு மகளைக் கொடுத்திருக்கிறார்கள். பங்காளி என்றால் நடக்கவே நடக்காத கல்யாணம். இரண்டாவது கட்டத்தில், நடுங்கும் எழுத்தில்: முறை உண்டு. கீழே ஐந்து கைநாட்டு. ஐந்தாவது மத்தேயுவுடையது. லத்தீனில் இரண்டு வரி. போட்டோவை ஃபாதருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் செய்து, கம்பளி சாமியின் அந்த இரண்டு வரியைத் தமிழில் சொன்னார், குரல் மாறியிருந்தது:

ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன், உண்டு என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆக, ரகசியத்தைக் காத்தது லத்தீன் இல்லை. ஊருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பஞ்சத்தில் கிடைத்த பிள்ளையை மகன் என்று சொல்லி வளர்த்து, பெண் கொடுத்து, கல்லறையில் இடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு செத்துப்போயிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. கம்பளி சாமி எழுதி வைத்தார், அவ்வளவுதான். என் கட்டுரையில் அவர் ஒருவரே நல்லவராக இருந்தார். கிழித்துவிட்டேன்.

இன்னொன்று. தெரேசா வழிதான் பிரகாசப்பா என்றால், சவுரியப்பனுக்கு அவர் பங்காளி இல்லை. அத்தை வழி. சரோஜாவிடம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. "அத்தை வீடுதானே. கட்டிக்கிற முறைதானே. இதுக்கா ரெண்டு வாரம்?"


நவம்பர் 15, சனி

ராயக்கோட்டை, காலை எட்டு. மண்டியில் நடக்க வழியில்லை, எங்கும் தக்காளிப் பெட்டி. சவுரியப்பனிடம் குடையைக் கொடுத்தேன். அப்புறம் அச்சடித்த போட்டோவை.

பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் விரல் வைத்துக் காட்டிச் சொன்னேன். யாகப்பன், தெரேசா. முறை உண்டு. கைநாட்டு.

"பிரகாசப்பாவோட அப்பன பெத்தவ பேரு என்னான்னு கேட்டீங்களா?" இந்த முறை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். நேற்று மாலையே போன் செய்தேன். தெரேசா. அரளித்தொட்டிக்காரி.

"இதுல எது மத்தேயு?"

காட்டினேன். தன் கட்டை விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தக்காளிச் சாறு காகிதத்தில் பட்டது. துடைத்தார், இன்னும் பரவியது.

"பால் குடிச்சதும் இவங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். இவங்க கண் முன்னாலதானே குடிச்சது."

"தெரிஞ்சும் முறை உண்டுன்னு வெச்சிருக்காங்க."

"ஆமாம்."

"அப்ப நான் யாரு, இல்லன்றதுக்கு."

ஒரு லாரி ஹாரன். யாரோ, "சவுரியண்ணா, பெங்களூர் வண்டி!" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார். ஏற்பதா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. போட்டோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தது மட்டும் பார்த்தேன்.

வந்ததும் போனிலும் கணினியிலும் இருந்த மத்தேயு பக்கத்தை அழித்தேன். ஞாயிறு பக்கத்துக்கு மத்தளம் உள்ளே வந்த கதையும் இரண்டு கட்டங்களும் மட்டும் போகும். சாதிக் கட்டமும். தலைப்பு அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.


நவம்பர் 16, ஞாயிறு

பனி. கெலமங்கலம் ரோட்டில் பத்தடி தெரியவில்லை. சரோஜாவும் வந்தாள், "முடிவ நேர்ல பாக்கறேன்" என்று. கோயில் நிறைந்திருந்தது. ஜவளகிரிக்காரர்கள் கடைசி வரிசையில், தப்புச் செய்தவர்கள்போல். ஜெயமேரி முன்னால், முக்காட்டை இறுக்கிக்கொண்டு.

மூன்றாம் ஓலை. ஃபாதர் வாசித்து முடித்து, வழக்கத்தைவிட நிறைய நேரம் நிறுத்தினார்.

சவுரியப்பன் எழுந்தார். ஜெயமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் தடைன்னு சொன்னேன். அது தப்பு. எங்க தாத்தா கூடப் பொறந்த தெரேசா இவங்க வீட்டுல வாக்கப்பட்டிருக்கா. கம்பளி சாமி நோட்டுல இருக்கு. அஞ்சு பெரியவங்க கைநாட்டு வெச்சிருக்காங்க, முறை உண்டுன்னு. அத்தை வழி." ஊரைச் சுற்றிப் பார்த்தார். "அதுக்கு மேல யாருக்கு என்னா கேக்கணும்?"

கேட்க நிறைய இருந்தது. ஒரே வீட்டுக்குள் எப்படி அத்தை வழி வரும் என்று அங்கே இருந்த எந்தப் பெண்ணும் விரல்விட்டு எண்ணியிருப்பாள். முன்வரிசையில் ஒரு கிழவர் எண்ண ஆரம்பித்ததையே பார்த்தேன். மூன்றாவது விரலில் நிறுத்தினார். கையை மடித்துக்கொண்டார். ஒருவரும் கேட்கவில்லை. தாது வருஷத்தில் மூடிய வாய் இன்னும் மூடியே இருக்கிறது இந்த ஊரில்.

பூசை முடிந்து வாசலில். ஜெயமேரி பெரியப்பாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. பிரகாசப்பா தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணா..."

"எவன்டா அண்ணன்?" மீசையை முறுக்கினார் சவுரியப்பன், இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவை. "மத்தளம் உன் வீட்டுது. தெரியுமா? அடிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"நெனச்சேன். உங்க ஆளுங்க காட்டுல ஆட்டுக்குப் பின்னால போயி கை மரத்துப் போச்சு. கல்யாணத்தன்னைக்கு மொத அடி நீ அடி. தப்பா அடிச்சா இந்த ஊரே சிரிக்கும், நான்தான் மொதல்ல சிரிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வா, சொல்லித்தர்றேன்."

"வர்றேன் அண்ணா."

"பாவான்னு கூப்பிடு யா!"